நாலு 'வானா'வும் ஒரு வடுவும்: வயிற்று நோய்களை நினைவில் வைத்திருக்கும் வழிகள்

2022 ஆனி மாதம். பெற்றோல் வரிசைகள் சந்தி தாண்டி நீண்டிருந்த நாட்கள். ஒரு காலை அம்மாவுக்கு வயிற்று நோ தொடங்கியது. விட்டு விட்டு முறுக்கிப் பிடிக்கிற நோ. பின்னேரம் சத்தி எடுத்தார். "காஸ்ட்றிக் தான்" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். இஞ்சி அவித்துக் கொடுத்தோம், ஓமவோட்டர் கொடுத்தோம். அடுத்த நாள் வயிறு ஊதிப்போய் இருந்தது. மலமும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி பேதிக்கென்று ஆமணக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். நல்ல காலம், குடித்த வேகத்திலேயே அம்மா அதைச் சத்தி எடுத்துவிட்டார். ஓட்டோவுக்கு எண்ணெய் தேடி, வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நோ தொடங்கி 40 மணித்தியாலம் தாண்டியிருந்தது.

இளம் வைத்தியர் ஒருவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: "அம்மா, முந்தி வயித்தில ஒப்பரேசன் ஏதும் செய்ததோ?"

"இல்லைத் தம்பி" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

வைத்தியர் வயிற்றைப் பார்க்கச் சட்டையை விலக்கினார். நெஞ்சுக்குழியில் இருந்து தொப்புளுக்குக் கீழே வரை நேர்கோடாக ஒரு தழும்பு. "அப்ப இதென்ன?"

"அது ஒப்பரேசன் இல்லை. ஷெல் காயம்."

அம்மா பொய் சொல்லவில்லை. 2009 மாசியில் புதுமாத்தளனில் காயப்பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே அவருடைய வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் பதின்மூன்று வருடமாக அதற்குப் பெயர் 'காயம்'. ஒப்பரேசன் என்றால் ஆறஅமரத் திகதி குறித்து, கையெழுத்து வைத்துச் செய்கிற ஒன்று. 'ஒப்பரேசன்' என்ற சொல் கேட்டபோது அந்த மாசி மாதம் அம்மாவுக்கும் நினைவில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. எது நினைவில் நிற்கிறது, எந்தச் சொல்லைக் கேட்டால் அது வெளியே வருகிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது அந்தக் கட்டிலருகில்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியதுதான்.

தங்கச்சியின் கொப்பி

அம்மா வார்ட்டில் இருந்த நாட்களில் துணைக்கு வந்து நின்றவள் சித்தியின் மகள். அப்போது அவள் மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம். இரவில் கட்டிலருகே இருந்து ஒரு கொப்பியை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். வாங்கிப் பார்த்தேன். பாதிப் பக்கங்களில் பாடம் இல்லை. பெரிய எழுத்தில் ஒரு ஆங்கிலச் சொல், அதன் ஒவ்வொரு எழுத்தின் கீழும் ஒரு நோயோ காரணமோ அறிகுறியோ. நிமொனிக் என்பார்கள். நான் இங்கே நினைவுச்சொல் என்று எழுதுகிறேன்.

சமிபாட்டுத் தொகுதிப் பாடத்தில் இவற்றுக்குத் தனிச் செல்வாக்கு இருக்கிறது. காரணம் எளிது. வாயில் இருந்து குதம் வரையுள்ள குழாயும், அதோடு ஒட்டிய ஈரல், பித்தப்பை, சதையி என்பனவும் நூற்றுக்கணக்கான நோய்களுக்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் நோயாளி சொல்லும் முறைப்பாடுகளோ ஐந்தாறுதான்: நோ, சத்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல், வீக்கம், இரத்தம். ஒரே முறைப்பாட்டின் பின்னால் இருபது காரணங்கள் நிற்கும். கடும் களைப்போடு, இரவு இரண்டு மணிக்கு, அந்த இருபதில் ஒன்றையும் விடாமல் கேட்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956 இல் எழுதிய பிரபலமான கட்டுரை, மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு விடயங்களையே கையில் வைத்திருக்கும் என்றது. பத்துக் காரணங்களை ஒரு சொல்லாகக் கட்டிவிட்டால், கையில் இருப்பது ஒன்றுதான்.

அவளுடைய கொப்பியில் முதல் பக்கத்தில் இருந்தது 'கெற் ஸ்மாஷ்ட்'. சதையி அழற்சிக்கான காரணங்கள். ஜி என்றால் பித்தக்கல். ஈ என்றால் எதனோல், அதாவது மதுசாரம். ரி அடிபட்ட காயம். பிறகு ஸ்டீரொயிட் மருந்து, கூகைக்கட்டு, உடலே தன்னைத் தாக்கும் நோய், தேள் கடி, இரத்தத்தில் கொழுப்போ கல்சியமோ கூடுதல், கமரா விட்டுப் பித்தக்குழாயில் செய்யும் சிகிச்சை, கடைசியாகச் சில மருந்துகள். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் கடும் நோ, முன்னால் குனிந்தால் சற்றுத் தணியும், கூடவே சத்தி: இதுதான் அந்த நோயின் முகம்.

"'ஸ்மாஷ்ட்' எண்டால் வெறியில கிடக்கிறது எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும் அண்ணா" என்று சிரித்தாள். உயர்தரம் வரை தமிழில் 'சதையி' என்று படித்தவள். மருத்துவ பீடத்தில் எல்லாமே ஆங்கிலம். வெறிக்காரனைப் பற்றிய பகிடி புரிந்தவனுக்கு, குடிதான் முக்கிய காரணங்களில் ஒன்று என்பது மறக்காது. பகிடி புரியாதவளுக்கு அது வெறும் எழுத்துக்கூட்டம். இன்னொன்றும் சொன்னாள். அந்தத் தேள் முக்கியமாக ரினிடாட் தீவுத் தேள். எங்கள் ஊர்த் தேள் கடித்து வருகிறவர்களில் அவள் இதுவரை சதையி அழற்சியைக் கண்டதில்லை. ஆனாலும் பரீட்சையில் தேளை விட்டால் புள்ளி போய்விடும். கசிப்புக் குடித்து வயிற்று நோவோடு வருகிறவர்கள் வார்ட் நிறைய இருக்க, மனப்பாடத்தில் தேளுக்கும் கசிப்புக்கும் சரிசமமாக ஒவ்வோர் எழுத்து.

வெள்ளைத் தோலும் எங்கள் தோலும்

நினைவுச்சொல் எங்கே பிறந்ததோ அந்த ஊரையும் தன்னோடு கொண்டு வரும். பித்தக்கல்லுக்கு உலகமெங்கும் சொல்லித்தரும் ஐந்து 'எப்'கள் இருக்கின்றன: பருமன், பெண், நாற்பது வயது, பிள்ளை பெற்றவர், வெள்ளைநிறம். கடைசி 'எப்' ஐரோப்பிய வார்ட்டுகளில் பார்த்து எழுதியது. மெலிந்த, கறுத்த ஆணுக்குப் பித்தக்கல் வராது என்று நினைக்கும் மாணவரை அந்தச் சொல்லே உருவாக்கிவிடும்.

நெருப்புக்காய்ச்சலும் அப்படித்தான். தைபொயிட்டுக்குப் பாடநூல் கொடுக்கும் அறிகுறிகளில் ஒன்று, நெஞ்சிலும் வயிற்றிலும் தோன்றும் ரோஜா நிறப் புள்ளிகள். எங்கள் தோலில் அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். புள்ளி இல்லை என்பதால் நெருப்புக்காய்ச்சல் இல்லை என்று எவரும் முடிவெடுக்கக் கூடாது. அதே நேரம் எங்கள் பழைய பெயரைப் பாருங்கள். நெருப்புக்காய்ச்சல். நாளுக்கு நாள் படியேறும் சூடு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செங்கமாரி என்றால் கண்ணின் நிறத்தைப் பார்க்கச் சொல்கிறது. வாந்திபேதி இரண்டு அறிகுறிகளை ஒட்டிச் செய்த பெயர். வயிற்றோட்டம் வேறு, வயிற்றுளைவு வேறு என்று எங்கள் ஆச்சிமாருக்குத் தெரியும்: ஓட்டம் தண்ணீராகப் போவது, உளைவு முறுக்கி முறுக்கிச் சளியும் இரத்தமுமாகப் போவது. இரண்டாவதற்கு வைத்தியரிடம் போக வேண்டும். இந்தப் பெயர்களே நினைவுச்சொற்கள். நாங்கள்தான் அவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் 'காஸ்ட்றிக்' என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டோம்.

'காஸ்ட்றிக்' பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மேல் வயிற்றில் அழுத்தமும் வியர்வையும் மூச்சு முட்டலும் சேர்ந்து வந்தால், அதுவும் சீனி வருத்தம் உள்ளவருக்கோ வயதானவருக்கோ வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

பாட்டில் படித்த வைத்தியம்

நோயை ஓசையில் கட்டி வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாண இராச்சிய காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் செய்யுளில் ஆனவை. பரராசசேகரத்தை ஏடுகளில் இருந்து பகுதி பகுதியாக அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. நோயின் குணம், அது எத்தனை வகை, ஒவ்வொன்றுக்கும் என்ன மருந்து என்பதெல்லாம் எதுகை மோனையோடு வரும். ஏட்டைத் தூக்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போக முடியாது. பாட்டைக் கொண்டு போகலாம்.

மேற்கத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிக்கலாம் என்று செய்து காட்டியவரும் எங்கள் மண்ணில்தான் இருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இலங்கை வந்தார். மானிப்பாயில் மாணவர்களுக்கு முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்து, 1860 களில் தமிழுக்கு மாற்றினார். அங்காதிபாதம், இரணவைத்தியம் என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நோயாளியின் மொழியிலேயே வைத்தியரும் நோயைப் படித்த காலம் அது.

இங்கிலாந்திலும் செய்யுளை விடவில்லை. கடும் வயிற்று நோவைக் கண்டுபிடிப்பது பற்றி 1921 இல் வெளிவந்து இன்றைக்கும் படிக்கப்படும் நூலை எழுதிய லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் சக்கரி கோப், அதே விடயத்தை 1947 இல் 'சீற்றா' என்ற புனைபெயரில் முழுக்க முழுக்கப் பாட்டாகவும் எழுதி வெளியிட்டார். குடல்வளரி அழற்சியை எதுகையில் படித்து ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது.

ஏ9 வீதியில் ஒரு கவளம் சோறு

எல்லா நினைவு வழிகளும் எழுத்து வழிகள் அல்ல. பழைய கிரேக்கர்கள் பேச்சை மனப்பாடம் செய்ய, தங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வீட்டை மனதில் நடந்து, அறைக்கு அறை ஒவ்வொரு விடயத்தை வைத்துவிட்டு வருவார்கள். இதைத் தங்கச்சிக்குச் சொன்னது நான். ஊடகக் கற்கையில் எங்களுக்குப் படிப்பித்ததில் உருப்படியாக நினைவில் நிற்கும் சிலவற்றில் ஒன்று. அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, "வீடு வேண்டாம் அண்ணா, எங்கட வீடு மூன்று தரம் மாறிட்டுது. ரோட்டை எடுப்பம்" என்றாள். வீதி மாறவில்லை.

ஏ9 வீதி. கவளம் வவுனியாவில் வாய்க்குள் போகிறது. ஓமந்தை, களத்தின் அடிக்கதவு. சோதனைச் சாவடியில் இறங்கி நின்று காத்திருந்த எவருக்கும் அந்தக் கதவின் வேலையை விளக்கத் தேவையில்லை: ஒரு பக்கமாக விட வேண்டும், திரும்பி வர விடக் கூடாது. கதவு தளர்ந்தால் கீழே இருக்கும் புளிப்பு மேலே வந்து நெஞ்செரிவு தரும். அடுத்தது புளியங்குளம். புளிப்பு அங்கேதான்: இரைப்பை, அமிலம், புண். பிறகு மாங்குளம். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வரும் வீதி பிரதான வீதியோடு சேரும் சந்தி. முன்சிறுகுடலில் பித்தமும் சதையிச் சுரப்பும் வந்து சேர்வது இப்படித்தான். சந்தியில் கல் அடைத்தால் பித்தம் பின்னுக்குத் தேங்கிக் கண் மஞ்சளாகும். அதோடு நடுக்கத்துடன் காய்ச்சலும் வலப்பக்க மேல் வயிற்று நோவும் சேர்ந்தால், பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோவின் பெயரால் வழங்கும் மூன்று அறிகுறிகள். பித்தக்குழாயில் கிருமி. அன்றே வைத்தியசாலை.

முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று நீண்டு போவது சிறுகுடல். சத்து இறக்கும் கடைகள் எல்லாம் இங்கே. ஆனையிறவின் ஒடுங்கிய தரைப்பாதை, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வாயில். அங்கே உப்பளம் இருக்கிறதல்லவா? பெருங்குடலின் வேலை தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவது. அந்த உறிஞ்சல் பிழைத்தால் வயிற்றோட்டம், கூடினால் மலச்சிக்கல். பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று பெருங்குடல் வளைந்து போகிறது. கடைசி வாசலுக்கு எந்த ஊரையும் வைக்க அவள் மறுத்துவிட்டாள். யாழ்ப்பாணத்து நண்பிகளோடு விடுதியில் ஒரே அறையில் இருக்கிறாளாம்.

அறிவியல் துல்லியம் பார்ப்பவர்கள் குறை சொல்லலாம். ஆனால் இதைக் கேட்ட என் அம்மா, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர், அடுத்த நாள் வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரிக்கு 'மாங்குளத்தில கல்லு' என்று பித்தக்கல்லை விளக்கிக்கொண்டிருந்தார்.

கத்தியும் சத்தியும்

பிறகு நாங்கள் இருவரும் தமிழில் கட்டத் தொடங்கினோம். வைத்தியருக்கு அல்ல, வீட்டில் இருப்பவருக்கு. நோயைத் தீர்மானிக்க அல்ல, எப்போது வெளிக்கிட வேண்டும் என்பதற்கு. பத்துக் கட்டினால் ஏழு உதவாது. மிஞ்சியவற்றைச் சொல்கிறேன்.

குடல்வளரி அழற்சிக்கு ஆங்கிலத்தில் 'மான்ட்றல்ஸ்' என்று எட்டு எழுத்து நினைவுச்சொல் உண்டு. அல்பிரடோ அல்வராடோ 1986 இல் வெளியிட்ட புள்ளி முறையின் முதலெழுத்துகள் அவை. இரத்தப் பரிசோதனையும் அதில் அடக்கம் என்பதால் வீட்டுக்கு உதவாது. வீட்டில் கவனிக்கக்கூடியது வரிசை. முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான நோ, பிறகு பசியின்மை, ஓங்காளம், சத்தி, பிறகு நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து ஒரு இடத்தில் குத்தத் தொடங்கும். இருமினாலும் ஓட்டோ பள்ளத்தில் விழுந்தாலும் அந்த இடம் நோகும். கெட்ட சாப்பாட்டால் வரும் வயிற்றுப் பிரட்டலில் பெரும்பாலும் சத்தி முதலில் வரும், நோ பின்னால் வரும். ஆகவே:

நோ முந்தினால் கத்தி, சத்தி முந்தினால் சட்டி.

கத்தி சத்திரசிகிச்சை வைத்தியருடையது. சட்டி நேற்றைய கறிச்சட்டி. இது பொதுவிதி, சட்டம் அல்ல. சிறு பிள்ளைகளும் வயோதிபரும் கர்ப்பிணிகளும் இந்த வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் திடீரென நோவும் தலைச்சுற்றும் வந்தால் அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாக இருக்கலாம், உடனே போக வேண்டும். இதை எந்தப் பாட்டிலும் அடக்க எங்களால் முடியவில்லை. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

வயிற்றோட்டத்துக்கு நாங்கள் கட்டியது சின்னது. ஜீவனிப் பக்கற் இருந்தால் அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரையுங்கள். இல்லாவிட்டால், ஆறு சீனி, அரை உப்பு, ஒரு லீற்றர். தேக்கரண்டியால், தட்டையாக வழித்து, ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, அதனால்தான் 'அரை' என்ற சொல்லை நடுவில் வைத்தோம். கண் குழிவிழுந்தாலோ, சலம் போவது நின்றாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, இரத்தம் போனாலோ இந்தத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள். மெனிக் பாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு வயிற்றோட்டமும் செங்கமாரியும் எப்படிப் பரவும் என்று பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஐந்து 'கானா' மெதுவாக வரும் ஆபத்துக்கு. கறுப்பு: தார் போல மலம், அல்லது கோப்பித்தூள் போலச் சத்தி. களைப்பு: இரத்தம் குறைவதால். கரைதல்: காரணமின்றி உடம்பு கரைந்து போவது. கஷ்டம்: விழுங்கக் கஷ்டம், முதலில் சோறு, பிறகு கஞ்சி. கட்டி: வயிற்றில் தட்டுப்படும் கட்டி. ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரும்புக் குளிசை எடுப்பவருக்கும் மலம் கறுக்கும், அதையும் சொல்லுங்கள். முதலாவது 'கானா' எங்களிடையே பலருக்குச் சொந்தம். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்களும் கால் இழந்தவர்களும் வருடக்கணக்காக வெறும் வயிற்றில் டைக்ளோபெனக், ஐபுபுறுபன் போன்ற நோக்குளிசைகளை விழுங்குகிறார்கள். அவை இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யக்கூடியவை. கறுத்த மலத்தைக் கண்டால் குளிசையின் பெயரையும் எத்தனை நாளாக எடுக்கிறீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது 'கானா'க்கள் சேர்ந்து வந்தால் களத்தில் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

நாலு 'வானா'

இனி அம்மாவின் நோய். குடல் அடைப்பு. இதற்கு உலகப் பாடநூல்கள் எல்லாவற்றிலும் நாலே அறிகுறிகள்தான். அவை தமிழில் தாமாகவே ஒரே எழுத்தில் வந்து விழுந்தபோது தங்கச்சி வார்ட்டிலேயே கை தட்டிவிட்டாள்.

வலி. வாந்தி. வீக்கம். வாயு.

வலி: அலை போல வந்து முறுக்கி, சற்று விட்டு, திரும்ப வரும். குடல் அடைப்பைத் தள்ளப் பார்க்கும் முயற்சி அது. வாந்தி: முதலில் சாப்பாடு, பிறகு பச்சை அல்லது மஞ்சளாகப் பித்தம், நாள் போனால் மலநாற்றத்தோடு. வீக்கம்: வயிறு ஊதி இறுகும். வாயு: காற்றும் மலமும் கீழே போவது நின்றுவிடும். மலம் போகாதது எங்களுக்கு மலச்சிக்கலாகத் தெரியும், அதனால் பேதி கொடுப்போம். காற்றும் போகவில்லை என்றால் அது மலச்சிக்கல் அல்ல. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆட்களைத் தள்ளுவது போன்றது அந்த நேரத்தில் கொடுக்கும் பேதி. சாப்பாடும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், வெளிக்கிட வேண்டும். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறி, காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்தால் குடலுக்கு இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று அர்த்தம். அதன் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு.

அடைப்பு ஏன் வருகிறது? சிறுகுடல் அடைப்புக்கு மாணவர்கள் சொல்லும் 'ஏ, பி, சி' உண்டு. முதலாவதான 'ஏ' ஒட்டுத்தசை. வயிற்றைத் திறந்து மூடினால், ஆறும்போது குடலும் குடலும், குடலும் வயிற்றுச் சுவரும் நார் போன்ற இழைகளால் ஒட்டிக்கொள்ளும். வயிறு திறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே இது ஓரளவு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொல்லையும் தராது. சிலருக்கு அந்த இழையில் குடல் மடங்கிச் சிக்கும். அது சத்திரசிகிச்சை செய்து அடுத்த மாதமும் வரலாம், இருபது வருடம் கழித்தும் வரலாம். மற்ற இரண்டும் குடலிறக்கம், புற்றுநோய்.

அம்மாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றை வடித்து, சேலைன் ஏற்றி, வாயால் ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் இப்படிக் கத்தி இல்லாமல் முடிவதில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அம்மாவுக்குக் காற்றுப் பிரிந்தது. தாதியொருவர் அதை வார்ட் முழுக்கக் கேட்க அறிவித்தார். நான் அழுதுவிட்டேன், வாழ்க்கையில் இப்படி ஒரு காரணத்துக்காக அழுவேன் என்று நினைத்ததில்லை.

நாலு 'வானா'வையும் தங்கச்சி கட்டிலருகே வைத்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மா விரலை மடக்கி ஒருதரம் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது விரல் மடங்காமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு, "அப்ப வடு?" என்று கேட்டார்.

பாடநூலில் வடு அறிகுறி அல்ல, வைத்தியர் கேட்கும் கேள்விகளில் ஒன்று. ஆனால் எங்கள் மாவட்டங்களில் அந்தக் கேள்விக்கு விடை வருவதில்லை. என் அம்மா போல அது 'ஒப்பரேசன்' அல்ல என்று நினைக்கிறவர்கள் ஒரு பக்கம். தெரிந்தும் சொல்லாதவர்கள் இன்னொரு பக்கம். வடுவைச் சொன்னால் எங்கே, எப்போது, யாரோடு இருந்தீர்கள் என்று அடுத்த கேள்விகள் வரும் என்ற பயம் எனக்குப் புதிதல்ல, செய்தி எடுக்கப் போகும் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது. தங்கச்சியிடம் இதைக் கேட்டேன். வைத்தியருக்கு யாரோடு இருந்தீர்கள் என்பது தேவையில்லை என்றாள். தேவையானவை நாலைந்துதான். வயிறு திறக்கப்பட்டதா, எந்த வருடம். குடல் தைக்கப்பட்டதா, வெட்டி எடுக்கப்பட்டதா. மண்ணீரல் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா. எடுத்திருந்தால் சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாக மாறலாம், தடுப்பூசிகளும் தேவை. உள்ளே உலோகத் துண்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அனுப்ப முன்னர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பலரிடம் இதற்கான கடதாசி இல்லை. நோய் நிர்ணய அட்டை முள்ளிவாய்க்காலில் போனது, முகாமில் நனைந்தது, அல்லது கொடுக்கப்படவே இல்லை. கடதாசி இல்லாவிட்டாலும் எக்ஸ்றேயில் துண்டு தெரியும், ஸ்கேனில் மண்ணீரல் இருப்பதும் இல்லாததும் தெரியும். அடுத்த தடவை கிளினிக் போகும்போது கேட்டு எழுதி வைக்கலாம்.

அம்மா எழுதி வைத்திருக்கிறார். கிளினிக் கொப்பியின் பின் அட்டையில், தன் கையெழுத்தில், நீல மையில்: '2009 மாசி. வயிறு திறந்தது. குடலில் ஓட்டை தைச்சது. மண்ணீரல் இருக்கு. முதுகுப் பக்கம் ஒரு துண்டு இருக்கு. 2022 ஆனி குடல் அடைப்பு.' அதற்குக் கீழே ஐந்து 'வானா'. சென்ற மாதம் பிறசருக்குக் கிளினிக் போனபோது புதிதாக வந்திருந்த வைத்தியர், ஒப்பரேசன் ஏதும் செய்ததோ என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. கொப்பியைத் திருப்பிப் பின் அட்டையைக் காட்டினார்.